ஏழாவது ஆளுக்கு விட்ட இடம்

டோகுரா செத்துப்போன பிறகு ஆடிய முதல் ஆட்டத்தில் கோட்டோரமாகச் சங்கிலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான், அதனால் இந்தக் கதையை வேறு யாரோ சொல்லி நீங்கள் கேட்பதைவிட நான் சொல்லிக் கேட்பதுதான் நல்லது. மற்றவர்கள் சொன்னால் ஒன்று பயமுறுத்துவார்கள், இல்லையென்றால் அவனைச் சாமியாக்கி உண்டியல் வைத்துவிடுவார்கள். அவன் பேயும் இல்லை, சாமியும் இல்லை. ஹமாசே பல்கலைக்கழகத்து அமெரிக்கக் கால்பந்து அணியின் முன்வரிசையில் வலது பக்கம் நின்று முட்டுகிற பையன், அவ்வளவுதான்.

என் பேர் செல்வக்கனி. ஊர் சாத்தான்குளம் பக்கம், கல்லூரி நாளில் மாவட்ட அணிக்குக் கபடி ஆடியவள். என்னைக் கட்டிய மனுஷன் ஞானதுரை, கடற்பாசி ஆராய்ச்சி என்று சொல்லி, வருஷத்தில் பாதி நாள் வெயிலே எட்டிப் பார்க்காத இந்த ஜப்பான் கடற்கரை ஊருக்கு என்னைக் கூட்டிவந்து, வந்த மறுநாளே ஆய்வுக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பேச ஆளில்லாமல் நான் பல்கலைக்கழக மைதானத்துப் பக்கம் நடக்க ஆரம்பித்தேன். அங்கேதான் மாங்கொட்டை மாதிரி ஒரு பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தலையில் இரும்புக் கூண்டு மாட்டிய பையன்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்துகொண்டிருந்தார்கள். காலால் உதைப்பது எப்போதாவது, கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் முக்கால்வாசி; பிறகு எதற்கு இதற்குக் கால்பந்து என்று பேர் என்று கேட்டேன், இதுவரை ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. பந்து பத்துக் கஜம் நகர்ந்ததா இல்லையா என்று அளப்பதற்கு இரண்டு கம்புகளுக்கு நடுவே ஒரு சங்கிலி உண்டு. பையன்கள் எல்லாரும் ஆடுவதால் அதைப் பிடிக்க ஆளில்லை, நான் பிடித்தேன். கனி என்றால் அவர்கள் மொழியில் நண்டாம். அம்மா ஆசையாகப் பழம் என்று வைத்த பேர் இங்கே வந்து நண்டாகிவிட்டது, ஆனாலும் அந்தப் பையன்கள் மரியாதைக்கு ஒரு சான் சேர்த்துக் கனி-சான் கனி-சான் என்று கூப்பிடும்போது எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

அணியில் மொத்தமே பதினொரு பேர். பெரிய ஊர்களில் ஒரு அணிக்கு நூறு பேர் இருப்பார்களாம். இங்கே தாக்குவதும் இவர்களே, தடுப்பதும் இவர்களே, ஒருத்தனுக்குச் சளி பிடித்தால் கோச் இவாசே நேராகக் கோயிலுக்குப் போய்விடுவார். அவர் ஊர்ப் பல் டாக்டர். பையன்கள் பல்லை உடைத்துக்கொண்டு வருவார்கள், அவரே திட்டிக்கொண்டே கட்டிவிடுவார். மைதானத்துக்குள் கால் வைக்குமுன் ஒவ்வொருத்தனும் கோட்டருகே நின்று, தலைக்கவசத்தைக் கழற்றி, இடுப்பை வளைத்து மண்ணுக்கு வணக்கம் சொல்வான். வெளியே போகும்போதும் அப்படியே. அப்புறம் வரிசையாக நிற்பார்கள், கேப்டன் நாகுமோ ஒரு சத்தம் கொடுத்துவிட்டு ஒன்று என்பான், அடுத்தவன் இரண்டு என்பான், அப்படியே பதினொன்று வரைக்கும் போகும், அதைக் கேட்ட பிறகுதான் இவாசேக்கு மூச்சு வரும். டோகுரா ஏழு. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிக் கனமான குரலில் ஏழு என்பான்.

சும்மா சொல்லக்கூடாது, தங்கமான பையன். நான் எலுமிச்சம்பழச் சாதம் கொண்டுபோனால் நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒரு வார்த்தை பேசமாட்டான், ஆனால் மறுநாள் டப்பாவைக் கழுவித் துடைத்து இரண்டு கையாலும் நீட்டுவான். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூடப் பந்து அவன் கைக்கு வந்ததில்லை. அது அவன் வேலையும் இல்லை. இரண்டு காலையும் ஒரு கை முஷ்டியையும் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்க வேண்டும், பந்து நகரும்வரை ஒரு மயிரிழைகூட அசையக்கூடாது, அசைந்தால் தண்டனை. பந்து நகர்ந்ததும் எதிரே இருப்பவனை முட்டி ஒதுக்கி வழி செய்துகொடுக்க வேண்டும், அந்த வழியில் ஓடுகிறவனுக்குத்தான் ஊரே கைதட்டும். டோகுராவுக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

டோகுரா என்பது குடும்பப் பேர், வீட்டில் அவன் ஷின்பேய். அவனும் அவன் அம்மாவும் மட்டும்தான் வீட்டில். அவள் மீன் அரைத்துப் பிட்டு மாதிரி அவிக்கிற தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள், பேர் ஃபுமியே. அவன் விடியுமுன் ஸ்கூட்டரில் வீடுவீடாகப் பேப்பர் போட்டுவிட்டுப் படிக்க வருவான். பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் பாலத்தில் தண்ணீர் உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது, ஸ்கூட்டர் வழுக்கிவிட்டது. யார் மேலும் தப்பில்லை. அதுதான் கொடுமை, வாய்விட்டுத் திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் இல்லை.

எரித்து முடித்த மறுநாள் பையன்கள் மைதானத்துக்கு வந்தார்கள், மண்ணுக்கு வணக்கம் சொன்னார்கள், வரிசையில் நின்றார்கள். நாகுமோ சத்தம் கொடுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்து ஆறோடு நின்றது. அடுத்து நின்ற பையன் இதுவரை எட்டு என்று சொல்லிப் பழகியவன், இனி அவன்தான் ஏழு. ஆனால் செத்தவன் எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது, ஒரு மூச்சு நேரம் பேசாமல் இருந்துவிட்டு எட்டு என்றான். ஒருத்தரும் திருத்தவில்லை. அவர்கள் ஊரில் அது மரியாதை. நம் ஊர் என்றால் மார்பில் அடித்து அழுது, செத்தவனையே ஏசி, சொந்தக்காரர்களோடு சண்டை போட்டு, ஒருவழியாக வழியனுப்பி வைத்திருப்போம். இவர்கள் சத்தமில்லாமல் ஒரு மூச்சு இடம் விட்டார்கள், அன்றைக்கு மட்டும் இல்லை, வசந்தம் முழுக்க, கோடை முழுக்க, ஒவ்வொரு நாளும் விட்டார்கள். நான் இன்றைக்கும் சொல்வேன், அந்த இடத்தில்தான் அவன் வந்து நின்றுகொண்டான்.

முதலில் கண்டுபிடித்தது இவாசேதான். முன்வரிசைப் பையன்கள் முட்டிப் பழகுவதற்கு மெத்தை கட்டிய இரும்பு வண்டி ஒன்று உண்டு. ஐந்து பேர் சேர்ந்து முட்டினால் நேராகப் போகும், ஒரு பக்கம் ஆள் குறைந்தால் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். நாலு பேர் முட்டினார்கள், வண்டி நேராகப் போனது.

ஏப்ரலில் புதிதாக ஒருத்தனும் சேரவில்லை. பதினொரு பேர் இல்லாத அணியை லீக்கில் ஆடவிட மாட்டார்கள், அதனால் செப்டம்பரில் முதல் ஆட்டத்துக்கு எதிரணி பஸ்ஸில் வந்து இறங்கியபோது, நம் பையன்கள் உடுப்பெல்லாம் மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றது ஆடுவதற்காக இல்லை, இவ்வளவு தூரம் வரவைத்துவிட்டோம், ஆள் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று குனிந்து சொல்வதற்காக. நடுவர் விரலை நீட்டி எண்ணினார். பதினொன்று என்றார். நாகுமோ, இல்லை ஐயா, பத்துதான் என்றான். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பவும் எண்ணினார், திரும்பவும் பதினொன்றுதான் வந்தது, எதிரணிக் கோச்சைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார், அவருக்கும் பதினொன்று. பார்த்தால் பத்து, எண்ணினால் பதினொன்று. எண்ணிக்கைதான் சட்டம் என்று சொல்லி நடுவர் விசிலை ஊதிவிட்டார். வலது பக்கம் காலியாகக் கிடந்த இடத்துக்கு எதிரே நின்ற தடியன், பந்து நகர்ந்ததும் நாலு அடி பின்னால் போய் மல்லாக்க விழுந்தான், எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, ஒன்றுமில்லாத காற்றைப் பார்த்துக் குனிந்து வணக்கம் சொன்னான். நான் கம்பைக் கீழே போட்டுவிட்டு வாயில் ஈ போவது தெரியாமல் நின்றேன். மற்றவர்கள் அடுத்த முட்டலுக்குக் குனிந்துவிட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே நாகுமோவும் இவாசேயும் கோட்டுப் போட்டுக்கொண்டு ஃபுமியே வீட்டுக்குப் போய், உங்கள் மகன் இன்றைக்கு ஆடினான், முன்கூட்டியே சொல்லாததற்கு மன்னியுங்கள் என்று குனிந்தார்களாம். அவள் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாளாம்: “அடி எதுவும் படலையே?”

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்துவிடுவாள். எனக்குப் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே, சின்ன மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். வாய் ஃபுமியே-சான் என்று கூப்பிட்டாலும் என் மனசு அக்கா என்றுதான் கூப்பிட்டது. பந்து எங்கே போகிறது என்று அவள் பார்க்கவே மாட்டாள். வலது பக்கத்து இடத்தில் புல் மடங்குவதைப் பார்ப்பாள், எதிராளி விழுவதைப் பார்ப்பாள், மழை பெய்தால் அந்த இடத்தில் தோள் அகலத்துக்குத் தூறல் தெறிப்பதைப் பார்ப்பாள். முகம் தெரிகிறதா என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன், என் வாய் சும்மா இருக்காது. இல்லை, முன்னாடியும் கூண்டுக்குள்ளேதானே இருந்தான், ஆட்டத்தில் முகத்தை எப்போது பார்த்தேன் என்றாள்.

ஊர் பழகிக்கொண்டது. இப்படிப் பழகிக்கொள்கிற ஊரை நான் கண்டதில்லை. மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிற கடைக்காரி யாரும் சொல்லாமலே பதினொரு பொட்டலம் அனுப்பினாள், பதினோராவதைத் திறக்காமல் அம்மாவிடம் கொடுத்துவிடுவார்கள், அவள் பஸ்ஸில் போகும்போது சாப்பிடுவாள். வெளியூர் ஆட்டத்துக்குப் போகையில் பஸ் டிரைவர் எல்லாரும் ஏறிய பிறகும் கதவைக் கொஞ்ச நேரம் திறந்துவைத்திருப்பார், படி லேசாக அழுந்தி நிமிரும், அப்புறம் சாத்துவார். கோயில் பூசகர் மந்திரம் சொல்லி அனுப்பிவைக்கலாம் என்று மணியோடு வந்தவர், முதல் பாதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, கால் வைப்பு நன்றாக இருக்கிறது, அதைக் கலைப்பானேன் என்று மணியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கடலில் மனைவியைப் பறிகொடுத்த ஒரு கிழவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இவாசேயிடம் வந்து, ஒருநாளும் விளையாடிப் பழக்கமில்லாத பெண்ணுக்கு அணியில் ஏதாவது இடம் கிடைக்குமா என்று கேட்டார். இவாசே பல் டாக்டருக்குப் படித்தவர், இதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவார்கள், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிழவரும் அதற்குப் பிறகு ஒரு ஆட்டம் தவறவில்லை. அவரைப் போல இன்னும் பல பேர் வந்தார்கள், எல்லாரும் வலது பக்கமாகவே உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், மனுஷன் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்துவிட்டு, கடலுக்கடியில் இதைவிடப் புரியாததெல்லாம் இருக்கிறது என்றார். படித்தவர், அதற்குமேல் அவரிடம் என்ன எதிர்பார்க்க முடியும்.

ஒன்றே ஒன்றுதான் ஊரால் விழுங்க முடியாமல் தொண்டையில் நின்றது. நாலாம் வருஷத்துப் பையன்கள் நவம்பரில் கடைசி ஆட்டம் முடிந்ததும் அணியைவிட்டு விலகிவிட வேண்டும். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது: விலகுகிறவனைக் கீழ் வகுப்புப் பையன்கள் கூடித் தூக்கி மூன்று தடவை வானத்தில் எறிந்து பிடிப்பார்கள், பிடித்து இறக்கியதும் அவன் தன் சட்டையைக் கழற்றி அவர்களில் ஒருத்தனுக்குக் கொடுப்பான், மண்ணுக்குக் கடைசியாக ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போவான், அதன்பிறகு அவன் ஆட்டக்காரன் இல்லை. இந்த வருஷம் நாகுமோவும் இன்னும் இரண்டு பேரும் விலக வேண்டும். டோகுராவும் உயிரோடு இருந்திருந்தால் நாலாம் வருஷம்தான். அவனைத் தூக்கி எறிவதா, வேண்டாமா?

எறிந்தால் அவன் போய்விடுவான் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எறியாவிட்டால் இருப்பான், கூட ஆடியவர்கள் எல்லாரும் வேலைக்குப் போய், கல்யாணம் கட்டி, தொப்பை போட்ட பிறகும், முகமே தெரியாத பையன்களோடு வலது பக்கம் நின்று முட்டிக்கொண்டிருப்பான். நாகுமோ இவாசேயிடம் கேட்டான். அதை அம்மாதான் சொல்ல வேண்டும் என்றார் அவர். அம்மாவிடம் யார் கேட்பது? உங்கள் பிள்ளையை இரண்டாம் தடவை அனுப்பிவைக்கலாமா என்று எந்த வாயால் கேட்பது? அதனால் கேட்கவில்லை. அக்டோபர் முழுக்க அவளைப் பார்த்ததும் குனிந்தார்கள், நலம் விசாரித்தார்கள், கேட்கவில்லை. கடைசியில் நாகுமோ என்னிடம் வந்து, கனி-சான், நீங்கள் அவரோடு நன்றாகப் பேசுகிறீர்கள், வானிலை, சாப்பாடு என்று பேசும்போது நடுவில் அப்படியே, என்று இழுத்தான். எனக்குப் புரிந்துவிட்டது. வெளிநாட்டுக்காரி, முறை தெரியாமல் கேட்டுவிட்டாள் என்று பிறகு என் தலையில் போட்டுக்கொள்ளலாம். நல்ல கதையாக இருக்கிறதே என்று முறைத்தேன், ஆனால் அந்தப் பையன் கண் கலங்கி நின்றான், என்ன செய்ய, சரி என்றேன்.

உண்மையைச் சொன்னால் நான் கேட்கப் போனது அவர்களுக்காக இல்லை. விட்டுவிடாதே அக்கா, இருக்கட்டும், என்ன இப்போ என்று சொல்லத்தான் போனேன். வந்து நிற்கிற பிள்ளையைப் போ என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

அந்த வருஷம் பனி முந்திக்கொண்டது. கடைசி ஆட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை, சங்கிலி உறைந்து ஒட்டிக்கொள்ளுமே என்று எடுத்துவைக்க மைதானத்துக்குப் போனேன். பயிற்சி கிடையாது, ஒரு ஈ காக்கை இல்லை, மைதானம் பூரா வெள்ளை. நடுவில் ஃபுமியே அக்கா தொழிற்சாலை உடுப்போடு, தலைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள். கையில் குடை. குடை அவள் தலைக்கு மேல் இல்லை. கையை நீட்டி முன்னால் பிடித்திருந்தாள், பனி அவள் தலையிலும் தோளிலும் விழுந்துகொண்டிருந்தது.

கிட்டே போய்ப் பார்த்தேன். குடைக்குக் கீழே, பனியில், இரண்டு காலின் தடமும் ஒரு முஷ்டியின் தடமும் இருந்தன. பெரிய கால்கள். சுற்றிலும் வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து எல்லாரும் குளித்து, நூடுல்ஸ் சாப்பிட்டு, வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள். இவன் இங்கேயே, பந்து நகரட்டும் என்று, அசைந்தால் அணிக்குத் தண்டனை கிடைக்குமே என்று, குனிந்தபடியே நின்றிருக்கிறான். எத்தனை வாரமாக இப்படி நின்றானோ, பனி பெய்திராவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. நான் சொல்ல வந்ததெல்லாம் நெஞ்சிலேயே செத்துப்போனது.

“கை விறைச்சுப் போயிருக்கும்,” என்றாள் அவள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை வந்தால் எனக்குப் பேச்சும் வரும். என்ன பேசுகிறோம் என்று தெரியாமலே எங்கள் ஊர்க் கபடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன், எங்கள் ஆட்டத்தில் அவுட்டானவன் செத்தவன் கணக்குத்தான், ஆனால் எதிரணியில் ஒருத்தன் அவுட்டானால் இங்கே ஒருத்தனுக்கு உயிர் வரும், எழுந்து உள்ளே வந்துவிடுவான், நானே எத்தனையோ தடவை செத்துப் பிழைத்திருக்கிறேன் என்றெல்லாம் என் அரைகுறை ஜப்பானியத்தில் உளறினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“உயிர் வர்றவரைக்கும் அவங்க எங்கே இருப்பாங்க?”

“கோட்டுக்கு வெளியே. பெஞ்சுல.”

“உட்கார்ந்துதானே?”

“ஆமா அக்கா, உட்கார்ந்துதான்.”

“உட்கார ஒரு இடம் இருக்கே,” என்றாள், குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு. அப்புறம், பையன்களிடம் கேட்டுவிடலாம் என்று மாசக்கணக்காக நினைக்கிறேன், ஆனால் நான் என் பிள்ளையைத் திருப்பிக் கேட்டால் அவர்களுக்கு அடுத்த வருஷம் இன்னும் ஒரு ஆள் குறையும், கிளப்பையே மூடிவிடுவார்கள், எந்த வாயால் கேட்பது என்றாள். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர்கள் கேட்டால் உங்களுக்குப் பிள்ளை குறையும் என்று அவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை கொடுத்துக் கொடுத்து அந்தப் பிள்ளையைப் பனியில் நிற்கவைத்துவிட்டீர்கள் என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரிந்தது. அவள் கோபப்படவில்லை. குனிந்து, குடைக்குக் கீழே கையை விட்டு, முஷ்டித் தடத்துக்குப் பக்கத்தில் பனியை ஒதுக்கினாள்.

அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். குடையை அப்படியே விட்டுப்போக மனசில்லாமல் தவித்தாள். நான் ஓடிப்போய்ச் சங்கிலிக் கம்பு ஒன்றைக் கொண்டுவந்து ஊன்றினேன், இருவரும் சேர்ந்து குடையை அதில் கட்டினோம். மறுநாள் பயிற்சிக்கு வந்த பையன்கள் அதைப் பார்த்தார்கள், தடத்தையும் பார்த்தார்கள். அன்றைக்கு அவர்கள் ஓடவில்லை, முட்டவில்லை, இருட்டும்வரை மைதானத்துப் பனியைத் தள்ளிச் சுத்தம் செய்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். தோற்றார்கள். ஆனால் கடைசியில் நாகுமோ பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வலது பக்கமாகவே ஓடினான், திரும்பத் திரும்ப அந்தப் பக்கமாகவே ஓடினான், ஒவ்வொரு தடவையும் அங்கே கதவு திறந்த மாதிரி வழி இருந்தது. நான் கம்பைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடினேன், எனக்கும் வயசாகிறது, மூச்சு வாங்கியது, அழுகையும் வந்தது. விசில் ஊதிவிட்டார்கள். எல்லாரும் எழுந்தார்கள். ஒருத்தன் எழவில்லை என்று இப்போது எங்களுக்குத் தெரியும்.

வரிசையில் நின்றார்கள். நாகுமோ கடைசி முறையாகச் சத்தம் கொடுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு. அந்த மூச்சு வந்தது. எட்டு சொல்கிற பையன் வாயைத் திறக்குமுன் ஃபுமியே அக்கா நாற்காலியைவிட்டு எழுந்தாள், கோட்டருகே நின்று மண்ணுக்குக் குனிந்து வணக்கம் சொன்னாள், பையன்கள் செய்வது மாதிரியே, அப்புறம் உள்ளே வந்து ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே நின்றாள். அவர்கள் தோள் உயரம்கூட இல்லை.

“ஏழு,” என்றாள்.

அதன் பின்னாலேயே எட்டு என்று வந்தது, ஒன்பது வந்தது, பதினொன்று வரைக்கும் வந்தது. பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவையாக இடைவெளி இல்லாமல் வந்தது. அவள் வரிசையைவிட்டு மைதானத்தின் வலது பக்கம் நடந்துபோனாள். புல் அழுந்தியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, காலையில் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிற குரலில் பேசினாள்.

“ஷின்பேய். போதும்ப்பா. ஆட்டம் முடிஞ்சுபோச்சு, எழுந்திரு.”

அழுந்திக் கிடந்த புல் நிமிர்ந்தது.

முதலில் நாகுமோவை எறிந்தார்கள், பிறகு மற்ற இரண்டு பேரை. டோகுராவைத் தூக்கக் கீழ் வகுப்புப் பையன்கள் மட்டும் போதாது, அவன் கனம் எல்லாருக்கும் தெரியும். விலகிய மூன்று பேரும் வந்தார்கள், எதிரணியும் வந்தது, முதல் ஆட்டத்தில் மல்லாக்க விழுந்த அந்தத் தடியனும் எங்கிருந்தோ வந்திருந்தான், நடுவர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார், பூசகர் அங்கியைச் செருகிக்கொண்டு வந்தார், பஸ் டிரைவரும் அந்தக் கிழவரும் வந்தார்கள், நானும் கையை விட்டேன். கையில் கனம் வந்தது. அப்பா, என்ன கனம். தோள் பட்டையின் விளிம்பு என் மணிக்கட்டில் அழுந்தியது, இன்றைக்கும் அந்த இடத்தைத் தொட்டால் எனக்குத் தெரியும். ஓ என்று கத்தி மேலே எறிந்தோம், வந்து விழுந்தான், பிடித்தோம். திரும்ப எறிந்தோம், பிடித்தோம். மூன்றாம் தடவை எல்லாரும் இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு எறிந்தோம்.

கையை விரித்துக்கொண்டு காத்திருந்தோம். பனி விழ ஆரம்பித்தது, உள்ளங்கையில் விழுந்தது, அவன் விழவில்லை. யாரும் கையை இறக்கவில்லை, இறக்கினால் போய்விட்டான் என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமே. அத்தனை பேரும் மேலே பார்த்துக்கொண்டு, கை கடுக்க, பிச்சை கேட்கிறவர்கள் மாதிரி நின்றோம். ஃபுமியே அக்காதான் ஒவ்வொருத்தரிடமாக வந்தாள். மணிக்கட்டைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கிவிட்டு, நன்றி என்று குனிந்தாள், அடுத்தவரிடம் போனாள். என்னிடம் கடைசியாக வந்தாள். அவள் கை சூடாக இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் அவளோடு நின்றேன். என் வாய்தான் சும்மா இருக்காதே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன அக்கா செய்வீர்கள் என்று கேட்டுத் தொலைத்தேன். கேட்டதும் என்னையே அறையலாம் போல இருந்தது. இனி அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை.

அவள் பஸ் வருகிற வழியைப் பார்த்தாள். சாவதற்கு முந்தின நாள் அவன் பயிற்சியிலிருந்து கழற்றிப்போட்ட சட்டை வீட்டில் இருக்கிறது, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறேன் என்றாள். எப்போதாவது முடிச்சை அவிழ்த்து முகத்தைக் கிட்டே கொண்டுபோவேன், உடனே கட்டிவிடுவேன், நிறையத் திறந்தால் வாசனை போய்விடும் இல்லையா என்றாள். பஸ் வந்து கதவு திறந்தது.

“அதைத் துவைக்கணும் கனி-சான். ஏப்ரல்ல புதுசா யாராவது சேருவாங்க, போட்டுக்கச் சட்டை வேணுமே.”

படியேறி உள்ளே போனாள். டிரைவர் பழக்கத்தில் கதவைக் கொஞ்ச நேரம் திறந்துவைத்திருந்தார். படி அழுந்தவில்லை. அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, அவரிடம் போகலாம் என்று தலையை அசைத்தாள், அவர் கதவைச் சாத்தினார்.